சர்வர் அமைப்புகளை பேக்கப் எடுப்பதும் மீட்பதும்: முழுமையான வழிகாட்டி

சர்வர் கான்ஃபிகரேஷனை பேக்கப் எடுப்பது பத்து நிமிட வேலை. லினக்ஸில் அமைப்புக் கோப்புகள் இருக்கும் /இடிசி கோப்புறையை ஒரு டார் கோப்பாகச் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய மூட்டை) சுருட்டினால் பெரும்பாலும் சில மெகாபைட்தான் வரும். தலைவலி தொடங்குவது அதைத் திரும்ப விரிக்கும் நாளில். புதிய கணினியில் பழைய /இடிசியை அப்படியே கொட்டினால் நெட்வொர்க் எழாது, டிஸ்க் மவுன்ட் ஆகாது, டேட்டாபேஸ் தன் சொந்தக் கோப்பையே திறக்க முடியாமல் நிற்கும்.

அந்தக் கோப்புறைக்குள் இரண்டு வகைச் சரக்கு கலந்து கிடப்பதுதான் காரணம். என்ஜின்எக்ஸ் என்ற இணைய சர்வர் நிரல் எந்தத் தளத்தை எங்கே அனுப்ப வேண்டும் என்பது சேவைக்குச் சொந்தம். எந்தக் கணினிக்கு எடுத்துப் போனாலும் செல்லும். டிஸ்க்கின் யூயூஐடி (தனி அடையாள எண்), நெட்வொர்க் கார்டின் பெயர், கணினியின் சொந்த அடையாளமான மெஷின்-ஐடி போன்றவை அந்த ஒரு கணினிக்கு மட்டுமே சொந்தம். எடுக்கும்போது இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம். மீட்கும்போது பிரிக்கத் தெரிய வேண்டும்.

இங்கே பேசுவது பெரும்பாலும் லினக்ஸ் சர்வர் பற்றி. விண்டோஸுக்குக் கடைசிக்கு முன் ஒரு பகுதி உண்டு. கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் வழக்கமான எழுத்துகளிலேயே தட்டுங்கள்.

எதையெல்லாம் எடுக்க வேண்டும்

/இடிசி முழுவதும் வேண்டும். கோப்பு கோப்பாகத் தேர்ந்தெடுத்து எடுப்பதில் லாபம் எதுவும் இல்லை. விட்டுப்போன ஒன்று கடைசியில் தேவைப்படும். ஆனால் /இடிசியோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான் கையில் இருக்கும். வெளியே கிடப்பவை இவை:

- பயனர்களின் கிரான்டாப் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானுக்கான பட்டியல்). டெபியன், உபுண்டுவில் /வார்/ஸ்பூல்/கிரான்/கிரான்டாப்ஸ். ரெட் ஹேட் குடும்பத்தில் /வார்/ஸ்பூல்/கிரான்.
- /ரூட், ஒவ்வொரு பயனரின் ஹோமிலும் உள்ள டாட்-எஸ்எஸ்ஹெச் கோப்புறை (தூரத்திலிருந்து நுழைவதற்கான சாவிகள் இருக்குமிடம்).
- /யூஎஸ்ஆர்/லோக்கல், /ஆப்ட். கையால் எழுதிய ஸ்கிரிப்ட்கள் பெரும்பாலும் இங்கேதான் குடியிருக்கும்.
- இணையச் செயலிகளின் டாட்-என்வ் கோப்புகள், டாக்கர் கம்போஸ் கோப்புகள். கம்போஸ் இல்லாமல் நேரடியாக ‘டாக்கர் ரன்’ கொடுத்து ஓட்டியிருந்தால் அந்த நீளமான கட்டளை எந்த அமைப்புக் கோப்பிலும் இருக்காது. ‘டாக்கர் இன்ஸ்பெக்ட்’ தரும் வெளியீட்டைச் சேமித்துவிட்டு, இனியாவது கம்போஸுக்கு மாறுங்கள்.
- டேட்டாபேஸின் டேட்டா கோப்புறைக்குள் ஒளிந்திருக்கும் அமைப்புகள்.

கடைசியாகச் சொன்னதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். போஸ்ட்கிரெஸில் ‘ஆல்டர் சிஸ்டம்’ கொடுத்து ஒரு மதிப்பை மாற்றினால் அது நாம் அறிந்த போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-டாட்-கான்ஃப் கோப்பில் எழுதப்படாது. டேட்டா கோப்புறையில் உள்ள போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-டாட்-ஆட்டோ-டாட்-கான்ஃப் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். மற்றக் கோப்பில் என்ன எழுதியிருந்தாலும் இதுதான் வெல்லும். மைஎஸ்க்யூஎல் 8.0-இல் ‘செட் பெர்சிஸ்ட்’ கொடுப்பதும் இதே கதைதான்: மைஎஸ்க்யூஎல்டி-ஆட்டோ-டாட்-சிஎன்எஃப் என்ற கோப்பு டேட்டா கோப்புறையில் உருவாகும். /இடிசியை மட்டும் மீட்டவர் மெமரி அளவு ஏன் பழையபடி வரவில்லை என்று மணிக்கணக்கில் தேடுவது இதனால்தான். டேட்டாபேஸ் பயனர்களும் அனுமதிகளும்கூட கோப்பில் இல்லை. போஸ்ட்கிரெஸுக்கு ‘பிஜி-டம்ப்-ஆல்’ கட்டளையை ‘குளோபல்ஸ்-ஒன்லி’ விருப்பத்தோடு ஓட்டி பயனர்களைத் தனியே எடுக்க வேண்டும். பயனர் விவரங்களை மையமாக வைத்திருக்கும் எல்டாப் சர்வரானால் ‘ஸ்லாப்கேட்’ கட்டளைக்கு 0 என்ற எண்ணைக் கொடுத்து அதன் அமைப்பை எடுங்கள்.

ஓடும் நிலையையும் எழுதி வையுங்கள்

கோப்பில் எழுதாமல் மெமரியில் மட்டும் மாற்றிய அமைப்புகள் ஒவ்வொரு பழைய சர்வரிலும் சில இருக்கும். அவசரத்துக்கு ‘சிஸ்கன்ட்ரோல்’ கொடுத்து மாற்றிய கெர்னல் மதிப்பு, ஃபயர்வாலில் கையால் சேர்த்த ஒரு விதி, தற்காலிகமாக என்று சொல்லிப் போட்ட ஒரு நெட்வொர்க் வழி. ரீபூட் ஆகும் வரை எல்லாம் நன்றாகத்தான் ஓடும்.

ஆகவே பேக்கப் ஸ்கிரிப்டின் முதல் வேலை, இப்போதைய நிலையை உரைக் கோப்புகளாக ஒரு கோப்புறையில் கொட்டுவது. ஐபி முகவரிகள், நெட்வொர்க் வழிகள், ஃபயர்வால் விதிகளைக் காட்டும் ‘என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்’ வெளியீடு (பழைய சர்வரானால் ‘ஐபிடேபிள்ஸ்-சேவ்’), எந்த போர்ட்டில் எந்த நிரல் காத்திருக்கிறது என்று காட்டும் ‘எஸ்எஸ்’ வெளியீடு, ‘எல்எஸ்பிஎல்கே’ தரும் டிஸ்க் அமைப்பு, எனேபிள் ஆன சேவைகளின் பட்டியல், நிறுவிய தொகுப்புகளின் பட்டியல் ஆகியவை போதும். தொகுப்புப் பட்டியலுக்கு டெபியன் பக்கம் ‘ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். நீங்கள் கேட்டு நிறுவியவை மட்டும் அதில் வரும். சார்புகளாக வந்து ஒட்டிக்கொண்ட நூற்றுக்கணக்கான பெயர்கள் வராது. பதிப்பு எண்களுக்காக ‘டிபிகேஜி’யின் முழுப் பட்டியலையும் தனியே வைத்துக்கொள்ளலாம்.

பேக்கப் ஸ்கிரிப்ட்

டார் போதும். இந்த அளவுள்ள சரக்குக்கு வேறு பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் ஸ்கிரிப்டில் சில வரிகள் விடுபட்டால் பேக்கப் கெடும், அல்லது பேக்கப்பே பாதுகாப்பு ஓட்டையாகிவிடும்.

ஸ்கிரிப்டின் தலைப்பில், புதிய கோப்புகளுக்கு யாருக்கு அனுமதி என்று தீர்மானிக்கும் ‘யூமாஸ்க்’ மதிப்பை 077 ஆக்குங்கள். வழக்கமான 022-இல் விட்டால் உருவாகும் டார் கோப்பைச் சர்வரில் உள்ள எந்தப் பயனரும் படிக்கலாம். அதற்குள் கடவுச்சொல் ஹாஷ்கள் உள்ள /இடிசி/ஷேடோ கோப்பும் எஸ்எஸ்ஹெச் தனிச்சாவிகளும் இருக்கின்றன. மூலக் கோப்புக்கு 640 என்று பூட்டுப் போட்டுவிட்டு நகலை 644-இல் திறந்துவைப்பது பூட்டிய வீட்டின் சாவியை வாசற்படியிலேயே வைப்பதுதான்.

அடுத்து ‘செட்’ கட்டளையால் ‘பைப்ஃபெயில்’ விருப்பத்தை இயக்குங்கள். டார் வெளியீட்டை நேராக ஜிபிஜிக்கு (என்கிரிப்ட் செய்யும் நிரல்) பைப் செய்யும்போது, டார் பாதியில் தோற்றாலும் ஜிபிஜி வெற்றி என்று 0 திருப்பும். பைப்ஃபெயில் இல்லாவிட்டால் ஸ்கிரிப்டுக்கு அந்த 0 மட்டும்தான் தெரியும்.

கோப்பின் கூடுதல் அனுமதிகளையும் பண்புகளையும் காக்க, டாருக்கு ஏசிஎல், எக்ஸ்-ஆட்டர்ஸ் விருப்பங்களைச் சேர்த்துக் கொடுங்கள். விரிக்கும்போதும் அதே விருப்பங்கள் வேண்டும். எடுக்கையில் மட்டும் கொடுத்துப் பயனில்லை. பாதையின் தொடக்கத்தில் உள்ள சாய்கோட்டை நீக்குவதாக டார் ஒரு செய்தி காட்டும். அது பிழையில்லை, நமக்கு நல்லது. விரிக்கும்போது நேராக மூலக் கோப்புறையின் மேல் போய் விழாமல் காக்கும் ஏற்பாடு. வெளியேறும் எண் 1 என்றால் படித்துக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒரு கோப்பு மாறியது என்று பொருள், பதிவு செய்துவிட்டுத் தொடரலாம். 2 என்றால் நிறுத்தி எச்சரிக்கை அனுப்ப வேண்டும்.

கோப்புப் பெயரில் சர்வரின் பெயரும் தேதியும் இருக்கட்டும். பெயர் ஒன்றே என்றால் நேற்றைய நல்ல நகலின் மேல் இன்றைய கெட்ட நகல் ஏறிவிடும். முடிவில் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பைக் கணக்கிட்டுப் பக்கத்திலேயே எழுதி, ‘டார்’ கட்டளையால் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டு, அதில் /இடிசி/பாஸ்வேர்ட் (passwd) கோப்பின் வரி இருக்கிறதா என்று ஸ்கிரிப்டே சரிபார்க்கும்படி செய்யுங்கள். கோப்பின் அளவு நேற்றையதில் பாதிக்குக் கீழே போனாலும் எச்சரிக்கை வர வேண்டும்.

இனி கிரானில் ஒரு பழைய பொறி. தேதியைப் பெயரில் சேர்க்கும் கட்டளையை நேராகக் கிரான்டாப் வரியிலேயே எழுதுபவர்கள் உண்டு. தேதி வடிவத்துக்கு % குறி தேவை. கிரான்டாப்பிலோ % என்பது புது வரி என்று பொருள். முதல் % வந்த இடத்தில் கட்டளை வெட்டப்பட்டு, மிச்சம் உள்ளீடாக ஊட்டப்படும். டெர்மினலில் ஒட்டிப் பார்த்தால் அழகாக ஓடும் அதே வரி, இரவு 2 மணிக்குச் சத்தமில்லாமல் தோற்கும். ஒவ்வொரு % குறிக்கும் முன் பின்சாய்கோடு போடலாம். அதைவிட, கட்டளைகளை ஸ்கிரிப்ட் கோப்பில் வைத்துவிட்டுக் கிரான்டாப்பில் அதன் முழுப் பாதையை மட்டும் எழுதுவது நல்லது.

பேக்கப் தோற்றதை யாரும் அறியாமல் இருப்பதற்குப் பொதுவெளியில் பதிவான உதாரணம் ஒன்று உண்டு. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமிக்கும் இணையச் சேவையான கிட்லேபில் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, தினசரி டம்ப் பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. சர்வர் போஸ்ட்கிரெஸ் 9.6-இல் ஓட, டம்ப் கருவி 9.2 பதிப்பாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. தோல்வியைச் சொல்ல அனுப்பிய மின்னஞ்சல்களும் டிமார்க் (போலி அனுப்புநரைத் தடுக்கும் சோதனை) காரணமாக நிராகரிக்கப்பட்டுப் போய்ச் சேரவில்லை. அதனால் தோல்விக்குச் செய்தி அனுப்புவதை மட்டும் நம்பாதீர்கள். வெற்றிக்கும் செய்தி வரட்டும். அது வராத நாளில் எச்சரிக்கை மணி வேறொரு கணினியிலிருந்து அடிக்கட்டும்.

எங்கே வைப்பது, எவ்வளவு நாள்

அதே டிஸ்க்கில் உள்ள நகல் கைத்தவறைச் சரிசெய்ய உதவும். டிஸ்க் போனால் அதுவும் சேர்ந்தே போகும். விஎம் (மெய்நிகர் கணினி) ஸ்னாப்ஷாட்டும் இதே கணக்குதான். பெரிய மாற்றத்துக்கு முன் எடுத்து, வேலை முடிந்ததும் நீக்கிவிடுவதற்கு அது அருமையான கருவி, பேக்கப்புக்கு ஈடாகாது.

நகல் வெளியே போக வேண்டும், போவதற்கு முன் என்கிரிப்ட் ஆக வேண்டும். ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி எப்போதும் என்கிரிப்ட் செய்தே சேமிக்கிறது. போர்க் என்ற கருவியில் ரெப்போ (சேமிப்புக் கிடங்கு) உருவாக்கும்போதே என்கிரிப்ஷன் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டார் கோப்பானால் ஜிபிஜி போதும். கடவுச்சொல்லோ சாவியோ அந்தச் சர்வரில் மட்டும் இருக்கக் கூடாது. சர்வரோடு சாவியும் போய்விட்டால் மிஞ்சுவது யாராலும் திறக்க முடியாத பைட்டுகளின் குவியல்தான்.

யார் தள்ளுகிறார்கள், யார் இழுக்கிறார்கள் என்பதும் முக்கியம். சர்வரே தன் பேக்கப்பை அழிக்கவும் அனுமதி வைத்திருந்தால், சர்வரைப் பிடித்த ரான்சம்வேர் அதையும் சேர்த்தே அழிக்கும். பேக்கப் கணினி உள்ளே வந்து இழுத்துக்கொள்வது ஒரு வழி. சேர்க்க மட்டும் அனுமதிக்கும் அப்பெண்ட்-ஒன்லி முறையில் ரெப்போவை வைப்பது இன்னொரு வழி.

அமைப்புக் கோப்புகள் சிறியவை என்பதால் காலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 12 என்று வைத்தால் ஒரு வருடம் பின்னோக்கிப் பார்க்கலாம். கான்ஃபிகரேஷனில் செய்த தவறு பல சமயம் அடுத்த ரீபூட்டில்தான் வெளிப்படும். அந்த ரீபூட் ஐந்து மாதம் கழித்தும் வரலாம்.

கிட்: யார், எப்போது, ஏன்

டார் நகல் என்ன இருந்தது என்று சொல்லும். எது எப்போது மாறியது என்று சொல்ல இடிசி-கீப்பர் வேண்டும். நிறுவினால் /இடிசியை ஒரு கிட் ரெப்போவாக (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிடங்கு) ஆக்கி, ஒவ்வொரு தொகுப்பு நிறுவலுக்கு முன்னும் பின்னும், நாளுக்கு ஒரு முறையும் தானே கமிட் (அப்போதைய நிலையைப் பதிவு) செய்யும். வெறும் ‘கிட் இனிட்’ கொடுத்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். ஆனால் கிட் கோப்பின் உரிமையாளரைப் பதிவு செய்யாது. அனுமதிகளில் இயக்கும் பிட்டை மட்டும்தான் பார்க்கும். காலிக் கோப்புறைகளைக் கண்டுகொள்ளாது. இடிசி-கீப்பர் அந்த விவரங்களைத் தனிக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது.

இந்த ரெப்போவைப் பொது இடத்துக்குத் தள்ளவே கூடாது. ஒரு ரகசியத்தை அடுத்த கமிட்டில் நீக்கினாலும் வரலாற்றில் அது அப்படியே இருக்கும்.

டாட்-பேக் கோப்புகள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். மாற்றுவதற்கு முன் பக்கத்திலேயே ஒரு நகல் போடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. டெபியனில் என்ஜின்எக்ஸ், சைட்ஸ்-எனேபிள்ட் கோப்புறையில் உள்ள எல்லாவற்றையும் படிக்கும். நீங்கள் ஒதுக்கிவைத்ததாக நினைத்த பழைய நகலும் உயிரோடு ஓடும். சூடோ அனுமதிகள் உள்ள சூடோயர்ஸ்-டி கோப்புறை நேர் எதிர்: பெயரில் புள்ளி இருந்தாலே அந்தக் கோப்பைத் தள்ளிவிடும். நகல்களை /ரூட்டில் ஒரு கோப்புறை போட்டு வைத்தால் இந்தக் குழப்பமே வராது.

மீட்பு: ஒரே ஒரு கோப்பு கெட்டிருக்கும்போது

பெரும்பாலான மீட்புகள் இவ்வளவுதான். இப்போதுள்ள கெட்ட நிலையை முதலில் நகலெடுங்கள். அதில்கூடத் தேவையான ஒரு வரி இருக்கலாம். பேக்கப்பை /ரூட்டுக்குள் ஒரு தற்காலிகக் கோப்புறையில் விரித்து, ‘டிஃப்’ கட்டளையால் ஒப்பிட்டு, வேண்டியதை மட்டும் எடுத்து வையுங்கள்.

சேவையை மறுதொடக்கம் செய்வதற்கு முன் இலக்கணச் சோதனை கட்டாயம். என்ஜின்எக்ஸுக்கும் எஸ்எஸ்ஹெச்டிக்கும் ‘-டி’ விருப்பம் (‘டெஸ்ட்’ என்பதன் முதல் எழுத்து), அப்பாச்சிக்கு ‘கான்ஃபிக்டெஸ்ட்’, பைண்டுக்கு ‘நேம்ட்-செக்கான்ஃப்’, சூடோவுக்கு ‘விசூடோ -சி’, எந்த டிஸ்க் எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேபுக்கு ‘ஃபைண்ட்மவுன்ட் --வெரிஃபை’. சோதனை தேறியதும் ரீஸ்டார்ட் வேண்டாம், ரீலோட் கொடுங்கள். கோப்பில் பிழை இருந்தால் என்ஜின்எக்ஸ் ரீலோடில் பழைய அமைப்போடு தொடர்ந்து ஓடும், ரீஸ்டார்டில் விழுந்துவிடும். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் யூனிட் கோப்பை மீட்டிருந்தால் ‘டீமன்-ரீலோட்’ கொடுக்கும் வரை பழைய யூனிட்தான் அமலில் இருக்கும்.

எஸ்எஸ்ஹெச், ஃபயர்வால், நெட்வொர்க் ஆகிய மூன்றையும் தூரத்திலிருந்து தொடும்போது தானே திரும்பும் ஏற்பாட்டோடு தொடங்குங்கள். ‘சிஸ்டம்டி-ரன்’ கட்டளையை 10 நிமிடம் கழித்துப் பழைய கோப்பைத் திரும்ப வைத்துச் சேவையை ரீலோட் செய்யும்படி முன்கூட்டியே அமைத்துவிட்டு, பிறகு மாற்றுங்கள். புதிய எஸ்எஸ்ஹெச் இணைப்பு கிடைத்ததும் அந்த டைமரை நிறுத்துங்கள். கிடைக்காவிட்டால் 10 நிமிடம் பொறுத்திருந்தால் போதும். நெட்வொர்க்கை அமைக்கும் நெட்பிளான் கருவி உள்ள சர்வரில் ‘நெட்பிளான் ட்ரை’ இதையே 120 வினாடிக் கெடுவோடு செய்கிறது.

பேக்கப்பே இல்லாமல் ஒரு கோப்பு அழிந்திருந்தால், டெபியனில் தொகுப்பை மறுநிறுவினாலும் அது திரும்ப வராது. நீங்கள் வேண்டுமென்றே நீக்கியதாக ‘டிபிகேஜி’ எடுத்துக்கொள்ளும். ‘ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ்’ விருப்பத்தோடு மறுநிறுவினால் ஆலையிலிருந்து வந்த நிலையிலாவது கோப்பு கிடைக்கும்.

மீட்பு: அதே கணினி, பூட் ஆகவில்லை

ரெஸ்க்யூ ஐஎஸ்ஓ (மீட்புக்கான தனி லினக்ஸ் வட்டு) கொண்டு பூட் செய்து, சர்வரின் ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, அதன் மேல் விரிக்கிறீர்கள். இங்கே டாருக்கு ‘நியூமெரிக்-ஓனர்’ விருப்பம் கட்டாயம்.

ஏன் என்று பார்ப்போம். டார் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளரின் பெயரையும் எண்ணையும் சேர்த்தே எழுதுகிறது. ரூட்டாக விரிக்கும்போது பெயரைத்தான் முதலில் பார்க்கும். உங்கள் சர்வரில் போஸ்ட்கிரெஸின் எண் 114 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெஸ்க்யூ சிஸ்டத்தில் போஸ்ட்கிரெஸ் என்ற பெயருக்கு எண் 109 என்றால், விரிந்த கோப்புகள் எல்லாம் 109-க்குப் போகும். பூட் ஆனபின் 109 என்பது உங்கள் சர்வரில் வேறு யாரோ. ரெஸ்க்யூவில் இருக்கும்போது பட்டியலில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தெரியும்; பூட் ஆனபின் டேட்டாபேஸ் அனுமதி இல்லை என்று நிற்கும்.

புதிய கணினியில் இது தலைகீழ். அங்கே போஸ்ட்கிரெஸை நிறுவும்போது எண் புதிதாக ஒதுக்கப்படும். ஆகவே அங்கே பெயரை வைத்து விரிப்பதுதான் சரி. ‘நியூமெரிக்-ஓனர்’ கொடுத்தால் கெடும். ஒரே விருப்பம் ஓரிடத்தில் காக்கும், இன்னோரிடத்தில் கெடுக்கும்.

மீட்பு: புதிய கணினி

1. அதே இயங்குதளத்தின் அதே பதிப்பை நிறுவுங்கள். மேம்படுத்துவதையும் மீட்பதையும் ஒரே இரவில் செய்தால், உடைந்தது எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

2. சேமித்த பட்டியலைக் கொண்டு தொகுப்புகளை நிறுவுங்கள். சேவைகளுக்கான சிஸ்டம் பயனர்கள் இப்போதே உருவாகிவிடுவார்கள். பிறகு சேவைகளையும் கிரானையும் நிறுத்திவையுங்கள். பழைய சர்வர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், இரண்டு கிரானும் ஒரே வேலையைச் செய்யும். வாடிக்கையாளருக்கு ஒரே பில் இரண்டு முறை போகும்.

3. பேக்கப்பின் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பைச் சரிபார்த்து, /ரூட்டில் ஒரு கோப்புறைக்குள் விரியுங்கள். / மேல் நேராக விரிக்க வேண்டாம்.

4. பயனர்கள். பழைய பாஸ்வேர்ட், ஷேடோ, குரூப், ஜிஷேடோ கோப்புகளை அப்படியே வைக்காதீர்கள். எண் 1000-உம் அதற்கு மேலும் உள்ள மனிதப் பயனர்களின் வரிகளை மட்டும் (65534 எண்ணுள்ள நோபடியை விட்டுவிட்டு) புதியவற்றில் சேருங்கள். ‘பிடபிள்யூசிகே’, ‘ஜிஆர்பிசிகே’ இரண்டையும் ஓட்டிச் சரிபாருங்கள்.

5. சேவைகளை ஒவ்வொன்றாக நகலெடுங்கள். ஒன்றை வைத்து, சோதித்து, தொடங்கி, பதிவைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மின்னஞ்சல் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸில் உரைக் கோப்புகளை வைத்தால் மட்டும் போதாது. ‘போஸ்ட்மேப்’, ‘நியூஅலையாசஸ்’ ஓட்டினால்தான் பைனரி அட்டவணைகள் புதுப்பிக்கப்படும்.

6. எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளை மீட்டால், இணைபவர்களுக்கு அடையாளம் மாறிவிட்டது என்ற எச்சரிக்கை வராது. தனிச்சாவியின் அனுமதி 600 ஆக இருக்க வேண்டும். எல்லோரும் படிக்கும்படி விட்டால் எஸ்எஸ்ஹெச்டி அந்தச் சாவியை ஒதுக்கும். எல்லாச் சாவியும் அப்படி என்றால் தொடங்கவே மறுக்கும். பயனரின் ஹோம் கோப்புறையைப் பிறர் எழுதும்படி விட்டாலும் சாவி வழி நுழைவு நடக்காது.

7. ரெட் ஹேட் குடும்பமானால் ‘ரெஸ்டோர்கான்’ கட்டளையை /இடிசி முழுவதற்கும் ஓட்டுங்கள். ‘எம்வி’ கொடுத்து நகர்த்திய கோப்பு தன் பழைய எஸ்இலினக்ஸ் (கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) முத்திரையைச் சுமந்துகொண்டே வரும். உரிமையும் அனுமதியும் சரியாக இருந்தும் அனுமதி மறுப்பு வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கொண்டுவரவே கூடாதவை தனிக் கணக்கு. எஃப்எஸ்டேபில் உள்ள யூயூஐடிகள் பழைய டிஸ்க்குடையவை. அவற்றை வைத்துப் பூட் செய்தால் சிஸ்டம்டி 90 வினாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போகும். ரூட் கணக்கு பூட்டியிருந்தால் அங்கேயும் உள்ளே நுழைய முடியாது. ‘பிஎல்கேஐடி’ காட்டும் புதிய மதிப்புகளை எழுதுங்கள், கூடுதல் டிஸ்க்குகளுக்கு ‘நோஃபெயில்’ சேருங்கள். நெட்வொர்க் கார்டின் பெயர் இஎன்எஸ்18 என்று இருந்தது இஎன்பி3எஸ்0 ஆகியிருக்கலாம். கோப்பில் பெயரை மாற்றியே வையுங்கள். கிளவுட் விஎம்களில் நீங்கள் வைத்த நெட்பிளான் கோப்பை, விஎம் தொடங்கும்போது அதை அமைக்கும் கிளவுட்-இனிட் நிரல் மாற்றி எழுதக்கூடும், அதன் நெட்வொர்க் நிர்வாகத்தை முதலில் அணைக்க வேண்டும். மெஷின்-ஐடியை நகலெடுத்தால் இரண்டு கணினிகளும் ஐபி முகவரி ஒதுக்கும் டிஹெச்சிபியிடம் தாங்கள் ஒருவரே என்று சொல்லி ஒரே ஐபியைக் கேட்டு நிற்கும். ஏற்கெனவே நகலெடுத்துவிட்டீர்களா? கோப்பை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் காலியாக்கி ரீபூட் செய்யுங்கள். புதியது தானே உருவாகும்.

தளத்தின் டிஎல்எஸ் சான்றிதழ்கள் இருக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் கோப்புறையில் ஒரு நொடி நில்லுங்கள். அதில் ‘லைவ்’ என்ற கோப்புறையில் தெரியும் நான்கு பெம் கோப்புகளும் நிஜக் கோப்புகள் இல்லை. ‘ஆர்க்கைவ்’ கோப்புறையைச் சுட்டும் சிம்லிங்க்குகள். டார் அவற்றைச் சிம்லிங்க்காகவே காக்கும். ஆனால் ‘எஸ்சிபி -ஆர்’ சிம்லிங்க்கைப் பின்தொடர்ந்து நிஜக் கோப்பாக இறக்கிவிடும். மீட்டபின் தளம் பிரமாதமாகத் திறக்கும், பூட்டுச் சின்னமும் வரும். செர்ட்பாட் என்ற நிரல் சான்றிதழைப் புதுப்பிக்கப் போகும்போதுதான், இங்கே சிம்லிங்க் இருக்க வேண்டுமே என்று சொல்லி நிற்கும். 90 நாள் ஆயுள் உள்ள சான்றிதழ் என்றால், மீட்பை எல்லோரும் மறந்த பிறகு ஒரு காலையில் தளம் சிவப்பாகும். மீட்ட அன்றே ‘செர்ட்பாட் ரின்யூ’ கட்டளையை ‘டிரை-ரன்’ விருப்பத்தோடு ஓட்டிவிடுங்கள்.

எல்லாம் எழுந்தபின் ‘எஸ்எஸ்’ வெளியீட்டைப் பேக்கப்பில் உள்ள பழைய வெளியீட்டோடு ‘டிஃப்’ செய்யுங்கள். விடுபட்ட சேவை ஒரே பார்வையில் தெரியும். ஒரு முறை ரீபூட் செய்து மறுபடி ஒப்பிடுங்கள். பழைய சர்வரை அணைத்தபின் கடைசியாகக் கிரானை இயக்குங்கள்.

விண்டோஸ் சர்வர்

விண்டோஸின் இணைய சர்வரான ஐஐஎஸ் அமைப்புக்கு ‘ஆப்-சிஎம்டி ஆட் பேக்கப்’ கட்டளை உண்டு. அது நகலை அதே டிரைவில் சிஸ்டம்32-இன் இனெட்எஸ்ஆர்வி கோப்புறைக்குள் வைக்கும். வெளியே எடுத்துச் செல்வது உங்கள் வேலை. ஐஐஎஸ் தானாகவே இனெட்பப் கீழ் ஹிஸ்டரி கோப்புறையில் வழக்கமாக 10 பழைய நகல்களை வைத்திருக்கும், சின்னக் கைத்தவறுக்கு அதுவே போதும். இந்த இரண்டிலும் டிஎல்எஸ் சான்றிதழ்களின் தனிச்சாவிகள் இல்லை. அவற்றைப் பிஎஃப்எக்ஸாகத் தனியே ஏற்றுமதி செய்யுங்கள். கோப்பில் உள்ள ஆப் பூல் கடவுச்சொற்கள் அந்தக் கணினியின் சாவியால் பூட்டப்பட்டவை என்பதால், சாவியையும் கொண்டுபோகாமல் வேறு கணினியில் அவை திறக்காது. நிறுவனத்தின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலருக்கு ‘டபிள்யூபி-அட்மின்’ வழி சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் எடுங்கள். டூம்ஸ்டோன் காலத்தைவிட (அழித்த கணக்குகளின் தடயம் வைத்திருக்கப்படும் காலம், வழக்கமாக 180 நாள்) பழைய பேக்கப்பைத் திரும்ப வைக்க முடியாது.

ஒத்திகை

மூன்று மாதத்துக்கு ஒரு முறை காலி விஎம் ஒன்றில் மேலே சொன்ன ஏழு படிகளையும் செய்து பாருங்கள். வெளி இணையத்துக்கும் உள் டேட்டாபேஸுக்கும் வழியில்லாத தனி நெட்வொர்க்கில் அந்த விஎம் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒத்திகைச் சர்வர் நிஜ மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கிவிடும். பேக்கப்பை அமைத்தவர் கைகட்டிப் பக்கத்தில் உட்கார, இன்னொருவர் குறிப்பை மட்டும் பார்த்துச் செய்யட்டும். அவர் எங்கே வாய்திறந்து கேள்வி கேட்கிறாரோ, அங்கே குறிப்பில் ஒரு வரி குறைகிறது; அப்போதே எழுதிச் சேருங்கள். தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்துவையுங்கள், சர்வர் எப்போது திரும்பும் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அந்த எண்தான் உதவும்.

ஒத்திகை முடிந்ததும் விஎம்மையும் அதன் டிஸ்க்கையும் அழித்துவிடுங்கள். நிஜச் சர்வரின் எஸ்எஸ்ஹெச் சாவிகளும், சான்றிதழ்களும், ஷேடோ கோப்பின் வரிகளும் அதற்குள் இருக்கின்றன.